கறை படியாத வண்ணம்: ஒரே அறை வீட்டிலும் பிள்ளை படம் போடலாம்



சேமிப்பு, கடன், வட்டி, பதிவேடு என்று பல பாடங்களைச் சேர்ந்து படித்து வருகிறோம். இந்தப் பாடம் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்காக. ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளை, வீடும் உடுப்பும் பாழாகாமல், பெரிய செலவு இல்லாமல், வண்ணத்தோடு விளையாட என்ன வழி என்பதைப் பார்ப்போம்.

"வண்ணமா? அதெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்களுக்கு. நமக்கு எங்க நேரம், எங்க இடம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நம் பகுதி முழுக்கக் கம்பெனிகள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அது வேலைக்காகத் தனியாக வந்து தங்கும் பெண்களுக்கானது. பிள்ளைகுட்டியோடு இருக்கும் நம்மில் பலருக்கு லைன் வீடுதான். ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் ஒரு மூலையில் தூங்குவார். தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும். சுவரில் ஒரு கோடு விழுந்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பேன் என்பார்.

அதனால் பிள்ளை கையில் எதையும் கொடுக்க நமக்குப் பயம். "தொடாதே, கொட்டாதே, கிறுக்காதே" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். வீடு சுத்தமாக இருக்கும். பிள்ளையின் கை மட்டும் சும்மா இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை செல்போன், டி.வி. திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதையும் குறைத்தால் நல்லது. இதைப் படித்துவிட்டு நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டாம். செல்போனுக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வண்ணம் ஏன் தேவை?

நம் குழுக்களில் முதலில் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்! பிறகு பேனா பிடித்துக் கையெழுத்துப் போடக் கற்றோம். அப்போது விரல் எவ்வளவு நடுங்கியது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுத்து தெரியாததால் மட்டும் அந்த நடுக்கம் வரவில்லை. அந்த வேலைக்கு விரல் பழகியிருக்கவில்லை.

பிள்ளைக்கும் அப்படித்தான். பென்சில் பிடிப்பதற்கு முன்னால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் பலப்பட வேண்டும். ஒன்றரை வயதில் பிள்ளை எதையும் முழு முஷ்டியால் பிடிக்கும். ஏறக்குறைய 3 வயதில் வட்டம் போட வரும். 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதுக்குள் சதுரம். மூன்று விரலால் சரியாகப் பிடிக்க 4 வயதுக்கு மேலும் ஆகலாம். சில பிள்ளைகள் முந்தும், சில பிந்தும். இழுத்து, தேய்த்து, அழுத்தி, தட்டி விளையாடும் பிள்ளைக்குக் கை தானாகப் பழகும். வற்புறுத்தி "அ" எழுத வைப்பதைவிட இது நல்ல அடிப்படை.

இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்கப் பெரியவர்கள் சொல்வதைச் செய்யும் பிள்ளைக்கு, தானே முடிவெடுக்கும் வேலை இது ஒன்றுதான். எந்த வண்ணம், எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்று எல்லாமே அதன் இஷ்டம்.

நம் ஊரில் எப்போதோ இருந்த வழி

கறை படியாமல் எழுதுவதும் வரைவதும் வெளிநாட்டிலிருந்து வந்த புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தாள் வேண்டாம், மை வேண்டாம், கறையும் இல்லை.

இதைப் பார்த்து வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றவர் அவர். நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, தன் விடுதியிலும் அப்படியே தட்டில் மணல் பரப்பிக் கற்பிக்கச் செய்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் கொண்டுவந்தார். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பல பள்ளிகளில் "மதராஸ் முறை" என்ற பெயரிலேயே அது நடந்தது.

இன்றும் விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் எழுத வைக்கிறோம். வாசலில் கோலம் போடுகிறோம். மறுநாள் காலை தண்ணீர் தெளித்தால் பழைய கோலம் போய்விடும், புதுக் கோலம் வரும். ஆக, போட்டதை அழித்து மறுபடி போடுவது நமக்குத் தெரிந்த வித்தைதான். அதையே பிள்ளைக்கு ஏற்றபடி செய்யப் போகிறோம்.

கறையைவிட முக்கியம்: வண்ணத்தில் என்ன இருக்கிறது?

பயிற்சிக்குப் போகும் முன் இந்தப் பகுதியை எல்லோரும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளை கையில் பட்டது எல்லாம் வாய்க்குப் போகும். துணியில் கறை பட்டால் கண்ணுக்குத் தெரியும், துவைத்துவிடலாம். சில பெயிண்டில் இருக்கும் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. அது உடம்பில் சேர்ந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்த விதி வீட்டு பெயிண்டுக்குத்தான். இரும்புக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் தொழிற்சாலை பெயிண்டுக்கு அது பொருந்தாது. நம் பகுதியில் அந்த மாதிரி டப்பாக்கள் எளிதாகக் கைக்கு வரும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதவை:

1. கம்பெனியிலிருந்தோ ஒர்க்ஷாப்பிலிருந்தோ வந்த பெயிண்ட், ஸ்பிரே டப்பா, தின்னர், மார்க்கர் மை. மிச்சம் கொஞ்சம்தானே என்று எண்ண வேண்டாம்.

2. காலியான பெயிண்ட் டப்பா, ரசாயன டப்பா. எத்தனை முறை கழுவினாலும் பிள்ளையின் விளையாட்டுக்கு வேண்டாம். கம்பெனி பார்ட்ஸ் வந்த பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

3. ரங்கோலிக் கலர் பொடி, ஹோலிப் பொடி, துணிச் சாயம், ஸ்டாம்ப் பேட் மை.

4. சுண்ணாம்பு. மஞ்சளோடு சேர்த்தால் அழகான சிவப்பு வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

5. கட்டட வேலை நடக்கும் இடத்து மணல், எம்-சாண்ட். சிமெண்ட் கலந்திருக்கும், நாய் பூனை அசிங்கம் செய்திருக்கும்.

கடையில் விரல் வண்ணம் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். விரல் வண்ணத்துக்கும் அந்தத் தரக் கட்டுப்பாட்டில் தனிப் பகுதி இருக்கிறது. "குழந்தைங்களுக்குத்தான்" என்று கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது.

இன்னொரு வழக்கத்தையும் வைத்துக்கொள்வோம். பெயிண்ட், வெல்டிங், ஆயில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் கம்பெனி உடுப்பை மாற்றி, கை முகம் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது இது கஷ்டம்தான். பழகிவிட்டால் பிள்ளையே "கை கழுவிட்டியா?" என்று கேட்கும்.

வீட்டிலேயே வண்ணம் செய்வோம்

போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுவது நமக்குத் தெரியும். அதே வேலைதான். ஆனால் பசை கெடாமல் இருக்கப் போடும் மயில்துத்தம் மட்டும் கூடவே கூடாது. அது விஷம்.

தேவையானவை: மைதா அல்லது சோள மாவு 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 டம்ளர் (200 மி.லி.), உப்பு அரைத் தேக்கரண்டி.

செய்முறை: மாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரையுங்கள். உப்பு போட்டுச் சிறு தீயில் வைத்து, கை எடுக்காமல் கிளறுங்கள். கூழ் போல் கெட்டியாகிப் பளபளப்பு வந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். நான்கு கிண்ணங்களில் பிரித்து வண்ணம் கலக்குங்கள்.

மஞ்சள்: மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை.
ரோஸ்: பீட்ரூட் துருவிப் பிழிந்த சாறு.
நீலம்: சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறு. இதில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் ஊதா நிறமாக மாறும். பிள்ளை எதிரில் செய்து காட்டுங்கள், கண்ணை அகல விரிக்கும்.
பச்சை: முருங்கைக்கீரையை அரைத்து வடிகட்டிய சாறு.
பழுப்பு: டீ டிகாக்ஷன்.

சாறு சேர்த்துக் கூழ் நீர்த்துப் போனால் மறுபடி லேசாகச் சூடு பண்ணுங்கள். வெளியில் வைத்தால் ஒரு நாள்தான் தாங்கும். பிரிட்ஜ் இருந்தால் மூன்று நாள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்தாலும் பயமில்லாத பொருள்தான், ஆனாலும் இது சாப்பாடு இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கோதுமை, மைதா ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சோள மாவையே பயன்படுத்துங்கள்.

ஆறு பயிற்சிகள்

1. தண்ணீர் ஓவியம் (ஒன்றரை வயது முதல், சத்தம் வராது)

கால் டம்ளர் தண்ணீர், ஒரு பிரஷ். பிரஷ் இல்லையென்றால் தேங்காய் நாரை ஒரு குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். வாசல்படி, சிமெண்ட் தரை, சிலேட், இதில் எதிலும் பிள்ளை தண்ணீரால் வரையட்டும். ஈரம் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும், சற்று நேரத்தில் காய்ந்து மறையும். "எங்க போச்சு?" என்று பிள்ளை கேட்கும். "வெயில் குடிச்சிடுச்சு" என்று சொல்லுங்கள். பெரிய பிள்ளையானால் நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று வரையச் சொல்லி எது முதலில் காய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கெட்டைப் பிள்ளை அருகில் வைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் உள்ள பக்கெட்டில்கூடச் சின்னப் பிள்ளை தலைகீழாக விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

2. வண்ணம் தெரியும் தட்டு (இரண்டு வயது முதல், சத்தம் வராது)

ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டின் அடியில் வண்ணத் தாளை வெட்டிப் போடுங்கள். மேலே ரவையையோ அரிசி மாவையோ மெல்லிசாகப் பரப்புங்கள். பிள்ளை விரலால் இழுத்தால் அடியில் உள்ள வண்ணம் கோடாகத் தெரியும். தட்டை லேசாக ஆட்டினால் எல்லாம் அழிந்துவிடும். பெல் பாதிரியார் பார்த்த மணல் தட்டின் தங்கச்சி இது. "தின்கிற பொருளை வீணாக்கலாமா?" என்றால், தாள் போடாமல் சுத்தமான தட்டில் அரிசியைப் பரப்பி, கை கழுவிய பிள்ளையை விளையாட விட்டு, பிறகு அந்த அரிசியைக் களைந்து உலையில் போடலாம்.

3. கவருக்குள் வண்ணம் (ஒன்றரை வயது முதல், சத்தம் வராது)

அழுத்தி மூடும் கெட்டியான கவர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வண்ணக் கூழ், ஒவ்வொன்றும் இரண்டு கரண்டி விட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். வாய்ப் பக்கத்தை மடித்து பிரவுன் டேப் ஒட்டுங்கள். தரையில் வெள்ளைத் தாள் வைத்து, அதன்மேல் கவரை வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். பிள்ளை மேலே அழுத்தித் தேய்க்க, மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாகும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. நகம் வெட்டியிருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் கவரை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரைத் தனியாகப் பிள்ளை கையில் விடக் கூடாது. முகத்தில் மூடிக்கொண்டால் மூச்சு முட்டும். கவரைக் கழுவிக் காயவைத்தால் பலமுறை பயன்படும்.

4. டப்பாவுக்குள் உருட்டல் (மூன்று வயது முதல்; சத்தம் வரும்)

மூடி உள்ள டப்பாவின் அடியில் தாள் வைத்து, இரண்டு மூன்று இடத்தில் வண்ணம் சொட்டுங்கள். ஒரு கோலிக்குண்டைப் போட்டு மூடிவிடுங்கள். பிள்ளை டப்பாவை ஆட்டி, சாய்த்து, சுழற்றட்டும். திறந்து பார்த்தால் தாளில் கோடும் வளைவுமாகப் படம் இருக்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கோலிக்குண்டு வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். எலுமிச்சம்பழம் போடுங்கள். நைட் ஷிஃப்ட் பார்த்தவர் தூங்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்!

5. மடித்த தாள் (மூன்று வயது முதல், சத்தம் வராது)

காலண்டர் தாளை நடுவில் மடித்துப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கரண்டியால் மூன்று சொட்டு வண்ணம். மறுபடி மடித்துக் கொடுங்கள். பிள்ளை வெளிப்பக்கத்தில் உள்ளங்கையால் நன்றாகத் தேய்க்கட்டும். பிரித்தால் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் ஒரே உருவம். கையில் வண்ணம் படாது. "இது என்ன மாதிரி இருக்கு?" என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஆயா யானை என்பார், பிள்ளை லாரி என்னும். இரண்டும் சரிதான்.

6. துணி மெத்தை அச்சு (மூன்று வயது முதல், சத்தம் வராது)

பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து ஒரு மூடியில் வைத்து, வண்ணக் கூழை அதில் ஊறவிடுங்கள். இதுதான் நம் ஸ்டாம்ப் பேட். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தொட்டு வைத்தால் பூ வரும். வெங்காயத்தை வெட்டி வைத்தால் வட்டத்துக்குள் வட்டம். பெருவிரலை வைத்தால் நம் பழைய கைநாட்டு. அதற்கு ஒரு மூக்கும் இரண்டு காலும் போட்டால் கோழிக்குஞ்சு. துணியில் ஊறிய வண்ணம் வழியாது, கொட்டாது. பக்கத்தில் ஈரத்துணி ஒன்று வைத்துவிட்டால் பிள்ளை தானே துடைத்துக்கொள்ளும்.

கறை பட்டுவிட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் படத்தான் செய்யும். மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கும், பதற வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். பீட்ரூட் கறையை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுவரில் பட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் டிஸ்டம்பரும் சேர்ந்து வரும். முன்கூட்டியே அரிசிச் சாக்கைப் பிரித்துத் தரையில் விரித்து, பிள்ளை உட்காரும் பக்கத்துச் சுவரில் பழைய காலண்டர் தாளை ஒட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். உரச் சாக்கு, ரசாயனச் சாக்கு வேண்டாம். விளையாட்டுக்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறையே படாத விளையாட்டு மட்டும் பிள்ளைக்குப் போதாது. வண்ணத்தைக் கையால் தொட்டு, பிசைந்து, குழப்பி விளையாடும் ஆசையும் அதற்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள், லீவு நாளாகப் பார்த்து, துணி துவைக்கிற கல்லுப் பக்கத்தில் உட்கார வைத்து வண்ணக் கூழைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் அப்படியே குளிப்பாட்டிவிடலாம்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளை கையைப் பிடித்து நாம் வரைய வேண்டாம். "மயில் இப்படியா இருக்கும்?" என்று திருத்த வேண்டாம். "பக்கத்து வீட்டுப் பாப்பா எவ்ளோ அழகா போட்டிருக்கு பாரு" என்று ஒப்பிடவே வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும்: "நீலத்த பெருசா இழுத்திருக்கியே", "இங்க மூணு புள்ளி வச்சிருக்க". அதைக் கேட்டதும் பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கும். வண்ணத்தின் பெயர், எண்ணிக்கை, மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று பேச்சும் அதோடு வளரும்.

பெண் பிள்ளைக்குப் பூக்கோலம், ஆண் பிள்ளைக்குக் கார் என்றும் பிரிக்க வேண்டாம். எது பிடிக்கிறதோ அதைப் போடட்டும். விளையாடிய பிறகு துடைப்பதையும் எடுத்து வைப்பதையும் அண்ணன் தம்பியும் செய்யட்டும்.

நேரம் 15 நிமிடம் போதும். காலை ஷிஃப்ட் போகிறவர்கள் சாயங்காலம் வந்து டீ குடித்த பிறகு உட்காரலாம். மதிய ஷிஃப்ட் போகிறவர்கள் காலையில் சமைக்கும்போது தண்ணீர் ஓவியம் கொடுக்கலாம். நைட் ஷிஃப்ட் வீட்டில் பகலில் சத்தம் வராத விளையாட்டாகப் பாருங்கள். நாம் இல்லாத நேரத்தில் ஆயாவோ தாத்தாவோ பார்த்துக்கொள்வார்கள் என்றால் அவர்களுக்கும் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். ஆறாவது, ஏழாவது படிக்கும் அக்காவின் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டிவிட வேண்டாம். அவளுக்கும் படிப்பு இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது.

இரண்டு வயது நிறைந்த பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். சத்துணவோடு ஆட்டம், பாட்டு, கதை, படம் போடுவது எல்லாம் அங்கே உண்டு. வெளி மாவட்டத்திலிருந்தோ வட மாநிலத்திலிருந்தோ வந்து நம் லைன் வீட்டில் குடியிருப்பவர்கள், தங்கள் பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று தயங்குவார்கள். அவர்களை அங்கன்வாடிப் பணியாளரிடம் அழைத்துப் போவது நம் கடமை. வண்ணம் தொட்டு விளையாடப் பிள்ளைகளுக்குப் பாஷை தேவையில்லை.

வேலை செய்யும் இடத்தில் 50 பேருக்குக் குறையாமல் இருந்தால் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். கம்பெனி வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

குழுவாகச் செய்வோம்

தனி ஒருவர் வாங்கினால் செலவு, பகிர்ந்தால் இல்லை. ஒவ்வொரு குழுவும் ஒரு வண்ணப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். அதில் நான்கு பிரஷ், இரண்டு தட்டு, ஒரு மூடி டப்பா, கெட்டிக் கவர் ஐந்து, டேப் ஒரு சுருள், பழைய காலண்டர் தாள் ஒரு கட்டு இருந்தால் போதும். பெரும்பாலானவை நம் வீடுகளிலேயே இருக்கும். வாரம் ஒரு வீடு என்று பெட்டி சுற்றி வரட்டும். யாரிடம் இருக்கிறது என்று கடன் பதிவேடு மாதிரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குழுக் கூட்டம் நடக்கும்போது பிள்ளைகள் நம் முந்தானையை இழுத்துக்கொண்டிருப்பதற்குப் பதில், ஒரு உறுப்பினர் பக்கத்தில் இருக்க, திண்ணையில் தண்ணீர் ஓவியம் போடட்டும். கூட்டமும் அமைதியாக நடக்கும்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் ஆறு வயதுக்குக் கீழ் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
2. அவர்களில் எத்தனை பேர் அங்கன்வாடிக்குப் போகிறார்கள்? போகாததற்குக் காரணம் என்ன?
3. நம் வீடுகளில் பெயிண்ட், தின்னர், ரசாயன டப்பா எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு எட்டும் இடத்திலா?
4. கம்பெனி உடுப்போடு பிள்ளையைத் தூக்கும் வழக்கத்தை எப்படி மாற்றுவது?
5. வண்ணப் பெட்டியை முதல் மாதம் யார் பொறுப்பில் வைப்பது?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டுப் பிள்ளை போட்ட படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். தாளின் பின்பக்கம் பிள்ளையின் பெயர், வயது, தேதி எழுதி, அது என்ன படம் என்று பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். வீட்டில் பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். எல்லாப் படத்தையும் கூட்டம் நடக்கும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவோம்.